டெபுடிக்கு ஒரு சர்டிபிகேட்

மாமனாரின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட நூல் தேடி, ஜலஜா இரண்டு அறைகளையும் அலசிவிட்டாள். தையல் டப்பாவில் கறுப்பு நூல்தான் இருந்தது. கறுப்பு ஆகாது என்றார் வைத்தி வாத்தியார். கடைசியில் மாமனாருடைய மேஜை இழுப்பறையிலிருந்தே, ஃபைல் கட்டுகிற சிவப்பு நாடாவில் ஒரு முழம் எடுத்துவந்தாள்.

"பேஷ்," என்றார் கல்யாணராமன். மாமியாரின் தம்பி. "முப்பத்தாறு வருஷம் இந்த நாடாவால ஊரையே கட்டிப் போட்டார் அத்திம்பேர். இப்ப அவரையே கட்டறது."

யாரும் சிரிக்கவில்லை. ஜலஜாவின் புருஷன் சேஷு குனிந்து அப்பாவின் விரல்களில் நாடாவைச் சுற்றி, பழக்கதோஷத்தில் ஆபீஸ் முடிச்சாகவே போட்டான். அவனும் மத்திய சர்க்கார்தான். அப்பர் டிவிஷன் கிளார்க்.

மாமனார் வி.டி.ராமமூர்த்தி அன்று காலை ஆறே முக்காலுக்குப் போயிருந்தார். தான் எழுதிய கடிதம் ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியில் வந்திருக்கிறதா என்று பார்க்கப் பேப்பரை விரித்தவர், விரித்தபடியே சாய்ந்தார். டாக்டர் வந்து கையைப் பார்த்துவிட்டுப் போனபின், ஜலஜா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். வரவில்லை.

டெல்லி ஜனக்புரியில், சர்க்கார் கட்டிக்கொடுத்த டி.டி.ஏ. ஃப்ளாட், முதல் மாடி. வாசலில் பித்தளைப் பலகை: அண்டர் செகரட்டரி, இந்திய அரசு. 'ரிடையர்ட்' என்ற சொல்லும் அதில் உண்டு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியும். டெபுடி செகரட்டரி ஆகாமலேயே ரிடையர் ஆனது அவருடைய வாழ்க்கையின் பெரிய துக்கம். அந்தத் துக்கத்தைத்தான் பிறகு ஒரு பூனை தீர்த்துவைத்தது.

அந்தப் பூனை இப்போது அவருடைய ஈஸி சேரில் உட்கார்ந்து காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் திட்டுத் திட்டாக. பெயர் டெபுடி செகரட்டரி. வீட்டில் டெபுடி.

"அதைத் துரத்துங்கோளேன், சாவு வீட்ல," என்றாள் ருக்கு மாமி, கல்யாணராமனின் மனைவி.

"வேண்டாம்," என்றாள் மாமியார் அனந்தலக்ஷ்மி, அழுகையை நிறுத்தி. "அவருக்குப் பிடிக்காது." பிறகு விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.

நாலு வருஷத்துக்கு முன், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல் கிடந்த குட்டி அது. ஜலஜாதான் தூக்கிவந்தாள். எறிந்துவிட்டு வரச் சொன்னார் மாமனார். அந்தச் சமயத்தில் இரண்டாம் மாடி பத்ரா கீழே இறங்கிவந்தார். காலேஜில் விலங்கியல் புரொபசர். குட்டியை வாங்கி வாலைத் தூக்கிப் பார்த்தவர், "அரே!" என்று அப்படியே நின்றுவிட்டார்.

ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி அவர் விளக்கினார். பூனைக்கு ஆரஞ்சும் கறுப்பும் எக்ஸ் என்கிற க்ரோமோசோமில்தான் ஏறி வரும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் கறுப்பு வந்தால் உடம்பில் இரண்டும் தெரியும். வெள்ளை வேறு கணக்கு, அது யாருக்கும் வரலாம். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், கூட ஒரு ஒய். ஆகவே ஆரஞ்சு அல்லது கறுப்பு, இரண்டில் ஒன்று. மூன்று நிறத்துப் பூனை என்றால் பெண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இதுவோ ஆண். மூவாயிரத்தில் ஒன்று அப்படிப் பிறந்தால் பெரிது. எப்படிப் பிறக்கும் என்றால், அந்த ஆணுக்கு...

"எக்ஸ் எக்ஸ் ஒய்," என்றார் ராமமூர்த்தி. "ஒரு எக்ஸ் உபரி. அதுக்கு சந்ததி இருக்காது."

பத்ரா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "க்யா பாத் ஹை, ராமமூர்த்திஜி! நீங்கள் ஜுவாலஜி படித்தவரா?"

"ஜெனரல் ரீடிங்," என்றார் ராமமூர்த்தி.

காப்பித் தட்டோடு பக்கத்தில் நின்ற ஜலஜா, மாமனார் எவ்வளவு படித்திருக்கிறார் என்று அன்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

பத்ரா ரத்தம் எடுத்துப்போய் யார் யாரையோ பிடித்துப் பரிசோதித்து, ஒரு சர்டிபிகேட் தட்டச்சு செய்து கொடுத்தார். க்ரோமோசோம் முப்பத்தொன்பது, எக்ஸ் எக்ஸ் ஒய். சாதாரணப் பூனைக்கு முப்பத்தெட்டு. அன்றிலிருந்து ராமமூர்த்தி டெபுடி செகரட்டரிக்கு மேலே ஏதோ ஒரு பதவிக்கு உயர்ந்துவிட்டார். பூனை தினம் கால் லிட்டர் பால் குடித்தது. வந்தவர்களெல்லாம் பூனையின் வாலைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும் என்று ஏற்பட்டது. மேற்கு டெல்லித் தமிழர் பண்பாட்டுக் கழகம் அதற்குப் பாராட்டு விழா நடத்திப் பொன்னாடை போர்த்தியது. பூனை பொன்னாடையோடு ஹார்மோனியத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பத்திரிகைகளுக்கும் மந்திரிகளுக்கும் அவர் எழுதிய கடிதங்களை ஜலஜாதான் டைப் அடித்தாள், ஒவ்வொன்றும் மூன்று பிரதி. மூன்று பிரதி இல்லாத காகிதம் காகிதமே இல்லை என்பார். எக்ஸும் ஒய்யும் அடித்து அடித்து, அவளுக்கு ஜெனடிக்ஸ் கிட்டத்தட்ட மனப்பாடம்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவள் ராமேஸ்வரம் போய் நாகப் பிரதிஷ்டை செய்தாள். வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து அரைத்துக் குடித்தாள். கரோல் பாக் லேடி டாக்டரிடம் மூன்று தடவை படுத்து எழுந்தாள். கர்ப்பப்பையில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தபோது வலியில் உதட்டைக் கடித்து, தையல் போட வேண்டிவந்தது. உங்களிடம் குறை எதுவும் தெரியவில்லை, கணவரை அனுப்புங்கள் என்றாள் டாக்டர். "எங்க வம்சத்துல அந்தப் பேச்சே கிடையாது," என்று முடித்துவிட்டார் மாமனார்.

விருந்தாளிகள் முன்னால் அவருக்கு ஒரு தமாஷ் உண்டு. பூனையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொல்வார்: "இதுக்காவது குட்டி இல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கு, ஜலஜா. ஜெனடிக்ஸ். உனக்கு என்ன காரணம் சொல்றது?"

எல்லோரும் சிரிப்பார்கள். சேஷு சிரிக்க மாட்டான். அவனுக்காவது மனசு இருக்கிறதே என்று அவள் நினைத்துக்கொள்வாள். ஒன்பது வருஷம் அவள் அந்தச் சிரிக்காத முகத்தை நம்பித்தான் குடித்தனம் நடத்தினாள்.

வைத்தி வாத்தியார் பையிலிருந்து நாலு குச்சிகளை எடுத்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"நெய்ப்பந்தத்துக்கு நெய் உருக்கிக் கொண்டு வாங்கோம்மா. பேரன், பேத்தி யாரு இருக்கா? ஜல்தி. வேன் வந்துட்டா நிக்க மாட்டான்."

எடுக்குமுன், பேரப்பிள்ளைகள் எரிகிற பந்தத்தைப் பிடித்துக்கொண்டு தாத்தாவைச் சுற்றி வர வேண்டும். ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். இருபது பேரும் ஜலஜாவைப் பார்த்தார்கள்.

"ஓ," என்றார் வைத்தி. "தெரியாம கேட்டுட்டேன். வழக்கமா நாலு கட்டிண்டு வந்துடறது."

அனந்தலக்ஷ்மிக்கு அது போதுமாக இருந்தது. "பந்தம் பிடிக்க ஒரு பிஞ்சுக் கை இல்லாம போறேளே! இந்த வீட்ல வந்து அடியெடுத்து வெச்சாளே, உங்களுக்கு வெளிச்சம் காட்ட ஒண்ணு பெத்துக் குடுத்தாளா?"

"விடுங்கோ மாமி. நெய்யில நனைச்சு ஓரமா வெச்சுடுவோம்," என்றார் வைத்தி. "சாஸ்திரத்துக்குக் கட்டினதாச்சு."

சேஷு ஈர வேஷ்டியோடு, விரலில் ஒற்றைப் புல் பவித்ரத்தோடு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். பிப்ரவரிக் குளிரில் அவன் தோள் நடுங்கியது. ராமமூர்த்தியின் பூணூலில் பீரோச் சாவி கட்டியிருந்தது. குளிப்பாட்டும்போது சேஷு இரண்டு தடவை அதைத் தொட்டதையும், ஆட்கள் பார்க்கவே விட்டுவிட்டதையும் ஜலஜா பார்த்திருந்தாள். அப்பாவின் ஞாபகம் என்று நினைத்தாள்.

அடுக்களையில் நெய்யை அடுப்பில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பால்கனியில் கல்யாணராமனும் ருக்கு மாமியும் நின்றிருந்தார்கள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பதிமூணு நாள் ஆகட்டும். அவ அப்பாவை வரவழைச்சுப் பேசிடலாம். ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதிக் குடுத்தா கோர்ட்ல இப்ப விட்டுடறான். சேஷுக்கு முப்பத்துநாலுதானே ஆறது."

"அவ சம்மதிக்கணுமே?"

"சம்மதிக்காம? எந்த முகத்தை வெச்சுண்டு மாட்டேம்பா? ஊரே பார்த்துண்டிருக்கு. அத்திம்பேர் போன மாசமே லெட்டருக்கு டிராஃப்ட் போட்டுட்டேன்னு சொன்னார். பீரோல இருக்கும்."

"பாவம்தான்."

"பாவம் பார்த்தா வம்சம் வளருமா? வத்தக்குழம்புக்குச் சொல்லியாச்சா, இல்ல நாம பட்டினியா?"

நெய் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஜலஜா கரண்டியால் கிளறிவிட்டு இறக்கினாள். அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் பென்ஷனும் ஒரு ரேழியும் கல்யாணமாகாத இன்னொரு பெண்ணும் இருந்தார்கள். மூத்தவள் மலடி என்று திரும்பி வந்தால் இளையவளுக்கு யார் வருவார்கள்? சம்மதிக்க மாட்டேன் என்று சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவளும் யோசித்துப் பார்த்தாள். கல்யாணராமன் சொன்னது சரிதான். அப்படி ஒரு முகம் அவளிடம் இல்லை.

வேன் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. பதினொன்றரைக்கு, ராஜா கார்டனில் டயர் பஞ்சர் என்று கீழ்வீட்டுக்கு போன் வந்தது. அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே காத்திருந்ததுபோல ராஜாராமன் வந்துசேர்ந்தார். பண்பாட்டுக் கழகத்தின் செயலாளர். கையில் மாலை, தோளில் சால்வை, பையில் பேச்சு. டெல்லியில் எந்தத் தமிழர் இறந்தாலும் ராஜாராமன் பேசாமல் தூக்க முடியாது. அவருடைய குரலுக்கு ஒரே ஒரு கியர்தான். பிறந்தநாள், பாராட்டு, இரங்கல் எல்லாவற்றுக்கும் அதிலேயே போவார்.

"அன்னாரை," என்று ஆரம்பித்து நிறுத்தினார். "கல்யாணராமன் சார், ஒரு விண்ணப்பம். அன்னாரின் பெருமை என்னன்னு கேட்டா, இந்தத் தலைநகரில் மூவாயிரத்தில் ஒன்றை வளர்த்த பெருந்தகை. அந்த சர்டிபிகேட்டை நான் வாசிச்சுட்டா, ஆத்மா குளுந்து போகும்."

"பிரமாதம்," என்றார் கல்யாணராமன்.

"வேண்டாம் மாமா," என்றான் சேஷு.

காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. எல்லோரும் திரும்பினார்கள்.

"பூனை சமாசாரம்தானே... இப்ப எதுக்கு?"

"என்னடா பேசறே? உன் அப்பா உசிரையே வெச்சிருந்தார் அதுமேல."

"பீரோச் சாவி... தேடணும். நான் அப்புறமா பாத்து..."

"சாவி இதோ இருக்கே," என்றாள் அனந்தலக்ஷ்மி. புருஷனின் மார்பில் கிடந்த பூணூலிலிருந்து பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, சாவியை ஜலஜாவின் பக்கம் எறிந்தாள். அது தரையில் சறுக்கி ஓட, டெபுடி பாய்ந்து காலால் ஒரு தட்டுத் தட்டியது. "போ. இதையாவது ஒழுங்காப் பண்ணு."

சேஷு எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காருங்கோ," என்றார் வைத்தி. "பவித்ரம் போட்டாச்சு, பாதியில எழுந்துக்கப்படாது."

அவன் உட்கார்ந்தான். ஜலஜா உள்ளே போகும்வரை அவளுடைய முதுகையே பார்த்தான்.

பீரோ ஒரு சின்ன செக்ரடேரியட். ஒவ்வொரு ஃபைலுக்கும் முதுகில் நம்பர், தலைப்பு. பால்காரன். கீழ்வீட்டுச் சத்தம். ராமமூர்த்தி, பதவி உயர்வு மறுப்பு, தொகுதி ஒன்று முதல் ஆறு. பூனை என்று ஒரு ஃபைலும் இல்லை. பொருள்வாரியாகத்தான் வகைப்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆளுக்கு ஒரு ஃபைல் என்பதெல்லாம் லோயர் டிவிஷன் புத்தி என்பார். கீழ்த்தட்டில், க்ரோமோசோம் என்று தலைப்பிட்ட ஃபைல் இருந்தது.

மேலே பத்ராவின் சர்டிபிகேட். அதற்குக் கீழே இன்னொன்று, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தாளில். நாற்பத்தேழு, எக்ஸ் எக்ஸ் ஒய்.

பூனைக்கு முப்பத்தொன்பது அல்லவா, இது என்ன புதுப் பூனை என்றுதான் முதலில் நினைத்தாள். பெயரைப் பார்த்தாள். ஆர்.சேஷாத்ரி. ஆண். வயது இருபத்துநான்கு. வேலைக்கான மெடிக்கலில் சந்தேகப்பட்டு அனுப்பப்பட்டவர். பொதுவான ஆரோக்கியத்துக்குக் குறைவில்லை. குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்பதைத் தெரிவித்துவிடுவது நல்லது. தேதி: நவம்பர், 1973.

அவர்கள் கல்யாணம் 1974 தை மாதம்.

பக்கத்தில் பச்சைத் தாளில் குறிப்புகள். எல்லாம் இங்கிலீஷ், வரிசை எண்ணோடு. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'1. அறிக்கை படிக்கப்பட்டது. பெண் வீட்டார் இது குறித்து எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் அனுப்பும் வழக்கம் இல்லை. முகூர்த்தம் நிச்சயித்தபடி நடக்கலாம். வி.டி.ஆர்.'

அதன் கீழே, சின்ன எழுத்தில்: 'பார்த்தேன். சேஷு.'

'2. விசாரிப்புகள் வருகின்றன. பெண்ணை டாக்டரிடம் அனுப்பலாம். கேட்பவர்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும். 1976.'

'பார்த்தேன். சேஷு.'

'3. பூனை. பொருள் ஒன்றே என்பதால் இதே ஃபைலில் சேர்க்கவும். 1979.'

'4. கணவனையும் பரிசோதிக்க வேண்டுமென்று மருமகள் சாப்பாட்டு வேளையில் கேட்டாள். மேலும் கேட்பாள் என்று தெரிகிறது. பிறந்தகத்துக்கு அனுப்புவது உசிதம். வரைவுக் கடிதம் ஒப்புதலுக்கு. ஜனவரி 1983.'

'ஒப்புதல். சேஷு.'

அவள் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை படித்தாள். அழகான கையெழுத்து. கல்யாணமான புதிதில் அவன் எழுதிய கடிதங்களை அவள் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள்.

உதட்டில் தையல் போட்ட இடத்தை நாக்கு தானாகத் தடவிப் பார்த்தது.

ஃபைலோடு அவள் ஹாலுக்கு வந்தபோது சேஷு நிமிர்ந்து பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த ஒரு பார்வையில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அவனருகே குனிந்தாள்.

"ஏன்னா, ரெண்டு இருக்கு. எதைக் குடுக்கட்டும்?"

பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. சேஷு பவித்ரத்தை விரலில் திருப்பினான்.

"பூனையோடது," என்றான்.

கொடுத்தாள். ராஜாராமன் தொண்டையைக் கனைத்தார். இங்கிலீஷில் ஒரு வரி வாசித்து, அதற்குத் தமிழில் ஒரு வரி விரிவுரை செய்தார். "மூவர்ண ஆண்! பெரியோர்களே, சாதாரணமாகக் கிடைக்குமா? ஒரு எக்ஸ் அதிகம் பெற்ற பிறவி! சந்ததி கிடையாது. தனக்குப் பின் தானே என்று நிற்கிற தனிப்பெரும் பிறவி! மூவாயிரத்தில் ஒன்று!" டெபுடி ஈஸி சேரில் கொட்டாவி விட்டது. சாவு வீடு என்பதை மறந்து யாரோ இரண்டு தட்டுக் கை தட்டி, நிறுத்திக்கொண்டார்கள்.

அனந்தலக்ஷ்மி மார்பில் அடித்துக்கொண்டாள். "இதுக்காவது ஒரு காரணம் இருக்குன்னு வாய் ஓயாம சொல்வேளே! உனக்கு என்ன காரணம்னு கேப்பேளே! இனிமே யாரு கேப்பா இவளை?"

ஜலஜா சேஷுவைப் பார்த்தாள். இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், காத்திருந்தாள். அவன் அப்பாவின் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு சரியாகத்தான் இருந்தது.

"மாமா," என்றாள் ராஜாராமனிடம். "இதுவும் அதே ஃபைல்லதான் இருந்தது. இதையும் வாசிச்சுடுங்கோ."

கையில் கொடுத்த காகிதத்தை வாசிக்காமல் விட்ட பழக்கம் ராஜாராமனுக்கு இல்லை. அதே கியரில் ஆரம்பித்தார். "பெயர், ஆர்.சேஷாத்ரி! ஆண்! வயது இருபத்துநான்கு! நாற்பத்தேழு... எக்ஸ் எக்ஸ்... ஒய்! பெரியோர்களே, இதுவும் ஒரு அபூர்வ..."

குரல் இறங்கவில்லை, நின்றது. கண் மட்டும் கீழே ஓடி, தேதியில் போய் உட்கார்ந்தது.

எக்ஸ் எக்ஸ் ஒய் என்றால் என்ன, அதற்குச் சந்ததி உண்டா இல்லையா என்று இரண்டு நிமிஷம் முன்பு அவரே விலாவாரியாகச் சொல்லி முடித்திருந்தார். நாலு வருஷமாக ராமமூர்த்தியும் அந்த வீட்டுக்கு வந்த ஒருவர் விடாமல் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். டெல்லியிலேயே இந்த விஷயத்தில் இவ்வளவு தேறிய இருபது பேரை வேறு எங்கும் ஒன்றாகப் பார்த்திருக்க முடியாது. இருபது பேரும் சேஷுவைப் பார்த்தார்கள்.

"எழுபத்துமூணுன்னா," என்றாள் ருக்கு மாமி, விரலை மடக்கி. "கல்யாணத்துக்கு முன்னாடின்னா..."

"வாயை மூடு," என்றார் கல்யாணராமன். காகிதத்தை ராஜாராமன் கையிலிருந்து பிடுங்கினார்.

கீழே காய்கறி வண்டிக்காரன், "கோபீ, மட்டர்!" என்று கூவிக்கொண்டு போனான். அனந்தலக்ஷ்மி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். தன்னிடமும் சொல்லாமல் போய்விட்டாரே என்று அவள் அழுதிருக்கலாம். அழுதால் கேட்டுவிடுவார்கள். ஆகவே ஜலஜாவின் பக்கம் திரும்பினாள்.

"பொணம் கிடக்கறப்போ கட்டின ஆம்படையான் மானத்தை வாங்கறயே, நீ ஒரு பொண்ணா?"

"அதானே," என்றாள் ருக்கு மாமி. அவளுக்கும் பிடி கிடைத்துவிட்டது. "ஒம்போது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியிருக்கே. ஒரு பொம்மனாட்டிக்கு இது தெரியாமலா இருக்கும்? முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாவது வைத்தியம் பார்த்திருக்கலாமோ இல்லையோ?"

இரண்டு மூன்று பெண்கள் தலையை ஆட்டினார்கள். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இருபது பேருக்கும் மூச்சு சீரானது.

சேஷுவுக்குத் தலைவலிக்கிறது போலிருக்கிறது, காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கவில்லை என்றார் ஒருவர். பாவம், குழந்தை, என்றார் இன்னொருவர்.

கீழே வேன் ஹார்ன் அடித்தது.

"ஜல்தி, ஜல்தி," என்றார் வைத்தி, பெரிய நிம்மதியோடு.

தூக்குமுன், கல்யாணராமன் குனிந்து வேஷ்டியைச் சரிசெய்வதுபோல அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, பிணத்தின் இடுப்பில் செருகினார்.

"அவரோடயே போகட்டும்," என்றார் ஜலஜாவிடம், அடிக்குரலில். "புரியறதா? நடந்தது நடந்துபோச்சு. நீயும் மறந்துடு. பதிமூணு நாள் ஆனப்புறம் உக்காந்து பேசிக்கலாம்."

"சரி மாமா," என்றாள் ஜலஜா.

அவளிடம் மிச்ச ஃபைல் இருந்தது. குறிப்புத் தாள் இருந்தது. அறிக்கைக்கு இன்னும் இரண்டு பிரதி இருந்தது. மூன்று இல்லாத காகிதம் அந்த வீட்டில் காகிதமே இல்லை.

நாலு பேர் தூக்கினார்கள். டி.டி.ஏ. மாடிப்படியைக் கட்டியவர்கள் மனிதர்கள் இறப்பார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. திருப்பத்தில் ராமமூர்த்தியைக் கிட்டத்தட்ட நிற்கவைக்க வேண்டியிருந்தது. சிவப்பு நாடா கட்டிய கால்கள் சுவரில் இடித்தன. "மெதுவா, மெதுவா! ஆஹிஸ்தா, பையா!" என்று யாரோ கத்தினார்கள். முன்னால் தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு சேஷு இறங்கினான். வாசலில் ஒரு தடவை திரும்பி மேலே பார்த்தான். அவள் பால்கனியில் இல்லை.

பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பி வரிசையாகக் குளிக்கப் போனார்கள். ஜலஜா ஹாலைக் கழுவிவிட்டாள். தண்ணீர் பால்கனிக் குழாய் வழியாகப் போய்த் தீர்ந்தது. ஃபைலை நாடா போட்டுக் கட்டி, தன் டிரங்குப் பெட்டியின் மேல் வைத்து, பீரோச் சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள். பிறகு ஈஸி சேரில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அதில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எழுந்துபோக வேண்டிவந்த டெபுடி, கொஞ்ச நேரம் அவளை முறைத்துவிட்டு மூலைக்குப் போனது.

மூலையில், ஏற்றாத நாலு பந்தங்களும் நெய்க் கிண்ணத்தில் சாய்ந்து கிடந்தன. பிப்ரவரிக் குளிரில் துணியின் மேல் நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. டெபுடி ஒன்றை முகர்ந்து பார்த்து நக்கியது. குச்சி உருண்டு உருண்டு போயிற்று. அது காலால் பிடிக்கப் பார்த்தது, பிடி நிற்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது.

ஜலஜா குனிந்து அந்தப் பந்தத்தைக் கையில் எடுத்தாள். பூனையின் வாய்க்கு எட்டுகிற மாதிரித் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.